காவல் விளையாட்டு நாய்கள்: வாசகர் கேள்வி பதில்

ஜேர்மனியில் இருக்கும் அண்ணா வார இறுதிகளில் தன்னுடைய நாயுடன் ஒரு கழகத்துக்குப் போய்வருகிறார். அவர் அனுப்பிய காணொளியில் தடியுடன் ஓடும் ஒருவரின் கையை நாய் பாய்ந்து கவ்விக்கொண்டு தொங்குகிறது. சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். நாயைக் கடிக்கப் பழக்குவதும் ஒரு விளையாட்டா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

நீங்கள் பார்த்தது மூன்று பாகங்கள் கொண்ட ஒரு போட்டியில் சில வினாடிகள் மட்டுமே. அல்சேசன் என்று நாங்கள் அழைக்கும் ஜேர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கான சங்கம் 1899ஆம் ஆண்டு அந்நாட்டில் அமைக்கப்பட்டது. அதன்பின், இனப்பெருக்கத்துக்கு எடுக்கும் நாயின் மனத்திடத்தையும் உடல்திறனையும் சோதித்துப் பார்ப்பதற்காக 1901இல் தொடங்கிய தேர்வே இன்று இந்த விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. நெடுங்காலம் சுட்ஸ்ஹுண்ட் என்று அறியப்பட்ட இது 2019 முதல் ஐ.ஜி.பி. என்ற பெயரில் நடைபெறுகிறது. மோப்பம், கீழ்ப்படிவு, காவல் ஆகிய மூன்று பாகங்களுக்கும் தலா 100 புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 எடுத்தாக வேண்டும். காவலில் 95 எடுத்த நாய் மோப்பத்தில் 69 எடுத்தால் தேர்வில் தவறிவிடும்.

காவல் பாகத்தில் மைதானத்தின் இரு பக்கமுமாக மொத்தம் ஆறு மறைவிடங்கள் இருக்கும். நாய் அவற்றைச் சுற்றித் தேடிச்சென்று, ஒன்றில் ஒளிந்து நிற்கும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் அசையாமல் நிற்கும்வரை நாய் அவர் முன்னால் நின்று குரைக்கலாமேயன்றி அவரைத் தொடக்கூடாது. தொட்டால் புள்ளி குறையும். அவர் தப்பி ஓடும்போதோ தாக்க வரும்போதோதான் கவ்வலாம், அதுவும் அவர் அணிந்திருக்கும் சணல் கைக்கவசத்தை மட்டுமே. பார்வையாளர்கள் பாய்ச்சலுக்குக் கைதட்டுவார்கள். நடுவரின் கண்ணோ அதற்கு அடுத்து வருவதில் இருக்கும். ஆள் அசைவை நிறுத்துகிறார்; நாயின் உடம்பு முழுதும் முறுகி நிற்க, வாய் நிறையக் கவசம்; வளர்ப்பவர் சற்றுத் தள்ளி நின்று ஒருமுறை மட்டும் கட்டளையிடுகிறார்; தாடை திறக்கிறது, நாய் பின்வாங்கி அமர்ந்து, ஆளிடமிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருக்கிறது. மூன்றாவது கட்டளைக்கும் விடாத நாயைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஆகவே கேட்டவுடன் விடத் தெரியாத நாய்க்கு இந்த விளையாட்டில் இடமில்லை என்று உங்கள் வீட்டாருக்குத் தைரியமாகச் சொல்லலாம்.

வார இறுதி ஒன்றுகூடல் என்றால் நாள் முழுவதும் இதுதான் நடக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு நாய் களத்தில் நிற்கும் நேரம் சில நிமிடங்களே. மற்றவை வாகனங்களிலுள்ள கூடுகளில் படுத்திருக்க, உரிமையாளர்கள் வெளியில் நின்று அடுத்தவர் நாயைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். போட்டி நாளானால், ஒவ்வொரு நாயின் குறை நிறைகளையும் நடுவர் எல்லோரும் கேட்க அங்கேயே சொல்லிவிடுவார்.

எங்கள் கடைக் காவலுக்குப் பத்து மாத அல்சேசன் ஒன்று வளர்க்கிறோம். கட்டையான சங்கிலியில் கட்டி, பட்டினி போட்டு, பொடியன்களைக் கொண்டு தடியால் சீண்டவைத்தால் நல்ல ரோஷம் வரும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர் ஒருவர், மாங்குளம்

செய்யவே வேண்டாம். சீண்டப்படும் நாய்க்கு வருவது ரோஷமல்ல, பயம். ஓடித் தப்ப வழியில்லாத பயம்தான் பல்லைக் காட்டுகிறது. அந்த நாய்க்குக் கள்வனும் கடிதம் கொண்டுவருபவரும் ரியூசனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளையும் ஒன்றுதான். ஒருநாள் சங்கிலி அறும்போது படலைக்கு வெளியே நிற்பவர் யார் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது.

விளையாட்டுப் பயிற்சி இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. குட்டிக்கு முன்னால் ஒரு சாக்குத் துண்டை இழுத்து ஓடவிட்டு, அது துரத்திப் பிடித்ததும் அதனிடமே கொடுத்துவிடுவார்கள். வென்ற பொருளை வாயில் தூக்கிக்கொண்டு அது பெருமையாகச் சுற்றிவரும். நாய் எந்த மனநிலையில் கவ்வுகிறது என்பதையும் வாயைப் பார்த்தே சொல்லலாம்: கடைவாய்வரை நிறையக் கவ்வி அமைதியாகப் பிடித்திருந்தால் துணிவு, முன்பற்களால் மாறி மாறிக் கொறித்தால் அச்சம். உங்கள் கடைக்கு நாய் குரைத்தாலே போதுமானது. இரவில் வளவுக்குள் அவிழ்த்துவிட்டு, பகலில் வாடிக்கையாளர்களுக்கு நடுவில் உங்களுடன் நடக்கப் பழக்குங்கள்.

எங்கள் நண்பர்கள் சிலரிடம் நல்ல நாய்கள் இருக்கின்றன. வார இறுதியில் இப்படியொரு பயிற்சியும் சிறிய போட்டியும் நடத்த விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– இளைஞர்கள் சிலர், முல்லைத்தீவு

கடியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே முதல் பதில். கைக்கவசம் அணிபவருடைய வேலை ஒரு தொழில்நுட்பம். வேகமாகப் பாய்ந்துவரும் நாயை உடம்பைத் திருப்பி வாங்கி, அதன் வேகத்தைச் சுழற்சியில் கரைக்கத் தெரியாதவர் விறைத்து நின்றால், நாயின் கழுத்தும் முதுகெலும்பும் அடிபடும். அப்படிப் பழகிய ஒருவர் கிடைக்கும்வரை அந்தப் பாகத்தை விட்டுவிடுங்கள்.

ஐ.ஜி.பி.யில் பங்குபற்றுமுன் ஒவ்வொரு நாயும் பி.எச். என்ற அடிப்படைத் தேர்வில் சித்தியடைய வேண்டும். உங்கள் முதற் போட்டியை அதை ஒட்டியே அமைக்கலாம்: கயிற்றுடனும் கயிறின்றியும் காலோடு ஒட்டி நடத்தல், அழைத்ததும் வருதல், வளர்ப்பவர் கண்ணுக்கு மறைந்திருக்கக் கட்டிய இடத்தில் அமைதியாக நிற்றல், அருகே சைக்கிளோ வேறொரு நாயோ போனாலும் பாயாதிருத்தல். சந்தை நாளில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு நாயைக் குழப்பமின்றி நடத்திக்கொண்டு வர முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மோப்பம். ஆள் நடக்கும்போது நசுங்கும் புல்லும் கிளறப்படும் மண்ணும் விடும் மணத்தை அடியடியாக முகர்ந்து, வழியில் போடப்பட்ட சிறு பொருள்களை நாய் கண்டு காட்ட வேண்டும். உயர்ந்த நிலைத் தேர்வில் 600 அடி நீளமான, ஒரு மணி நேரம் பழைய தடத்தைப் பின்தொடர வேண்டியிருக்கும். அங்கே ஒரு அடி என்பது ஒரு காலடி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்த மண்ணில் மணம் நிற்காது, ஆகவே அதிகாலைப் பனியீரம் உலருமுன் முடித்துக்கொள்ளுங்கள். மாரிக்குப் பின்னான வயல்கள் இதற்கு மிக ஏற்றவை. ஆனால் எங்கள் மண்ணில் ஒரு நிபந்தனை உண்டு: இன்றும் உழுது விதைக்கப்படும் வயலில் மட்டுமே தடம் போடுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கு மட்டுமல்ல, ஆள் நடமாட்டமற்ற பற்றைக் காணிக்குள்ளும் நாயை மோப்பம் பிடிக்க விடக்கூடாது.

உத்தியோகபூர்வப் போட்டியில் நாய் அதிர்கிறதா என்று பார்க்க வெற்றுத் துப்பாக்கி வெடிப்பதுண்டு. அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். அந்தச் சத்தம் அக்கம்பக்கத்து வீடுகளில் யாருக்கு என்ன செய்யும் என்பது உங்களுக்கும் தெரியும். தூரத்தில் ஒரு தட்டத்தை விழுத்திப் பார்த்தாலே நாயின் சுபாவம் புரிந்துவிடும்.

வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். காலை எட்டரைக்குள் களத்தைக் கலையுங்கள். நாக்கு அகன்று தொங்கி, முரசு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு; உடனே நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறி, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஈரத் துணியால் போர்த்தி விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். விசர்நாய்க்கடி ஊசி போட்ட அட்டை இல்லாத நாயை, அது யாருடையதாக இருந்தாலும், களத்துக்குள் எடுக்காதீர்கள்.

நாட்டு நாய் இதற்குச் சரிவருமா?
– வாசகர் ஒருவர், வவுனியா

விதிப்படி எந்த இனமும் கலப்பும் பங்குபற்றலாம். கீழ்ப்படிவுப் பாகத்தில் வரும் தடையை நல்ல நாட்டு நாய் சிரமமின்றித் தாண்டும், மோப்பத்திலும் சோடை போகாது. காவல் பாகத்தில் மட்டும், கவசத்தைப் பிடித்தபடி நிற்கும் ஆவல் பல நாட்டு நாய்களுக்கு இருப்பதில்லை. கடித்துவிட்டு விலகி நின்று குரைப்பதே அவற்றின் வழக்கம். முதல் இரண்டு பாகங்களையும் பழக்கிப் பாருங்கள்.