ராணுவ வண்டிகளில் பழுது கண்டறிதல் என்றால் என்ன?

நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டன் பக்கம் மலையேறும் ராணுவ லாரிகள் நடுவழியில் நின்றால் கோளாறை எப்படிப் பிடிப்பார்கள் என்பதுதான் கேள்வி.

பழுது கண்டறிதல் என்பது, கோளாறு இருக்கக்கூடிய இடத்தைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே வருவது. வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்போம், அப்புறம் ஃபியூஸ், அதற்கப்புறம்தான் பல்பு. அதே முறைதான்.

மலையில் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத டீசல் இன்ஜினுக்குக் காற்று போதாமல் ஏற்றத்தில் கரும்புகை வரும். மேட்டுப்பாளையத்தில் சமதரையிலேயே அந்தப் புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பையோ டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையோ சந்தேகிக்கலாம். மலை ஏற்றத்தில் மட்டும் வரும் புகைக்காக அவசரப்பட்டு இன்ஜெக்டரைக் கழற்றுவது வீண் வேலை.

களத்தில் நேரம்தான் பெரிது. அதனால் கெட்ட பாகத்தைப் பிரித்துக்கொண்டு உட்காராமல், முழுசாக மாற்றி வண்டியை அனுப்பிவிடுவார்கள். நுணுக்கமான வேலை பின்னால் இருக்கும் பணிமனைக்குப் போகும். இந்திய ராணுவத்தில் இதற்கென்றே 1943-இல் உருவான இ.எம்.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ்) பிரிவு இருக்கிறது.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் கெட்டுப்போன பாகத்தை அதுவே சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எந்த அளவீடு தவறாக வருகிறது என்றுதான் அது காட்டும். அளவெடுக்கும் சென்சார் நன்றாக இருந்து, அதற்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கலாம்.