1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தை இப்போது 4கே டிஸ்க்கில் பார்த்தால் கிராஃபிக்ஸ் பழசாகத் தெரியாதா?

ஓரிடத்தில் தெரியும். பட்டப்பகலில் முதன்முதலாக வரும் பிராக்கியோசாரஸ் என்ற நீண்ட கழுத்து டைனோசரின் தோல் கொஞ்சம் வழவழப்பாக, பின்னணியோடு ஒட்டாமல் இருக்கும். மற்றபடி, போன வாரம் மறுபடி பார்த்து அசந்துபோனேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் டைனோசர்கள் திரையில் வருவது சுமார் 15 நிமிடம்தான். அதிலும் கம்ப்யூட்டரில் உருவாக்கியவை பாதிக்கும் குறைவு. மீதியெல்லாம் சினிமாவுக்கான உருவங்களைச் செய்யும் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் குழு கையால் செய்த, இயந்திரத்தால் அசையும் உருவங்கள். டி-ரெக்ஸ் காரைத் தாக்கும் காட்சியில் அந்த ராட்சத உருவம் மழைநீரை உறிஞ்சிக் கனத்து நடுங்க ஆரம்பித்துவிட, டேக்குகளுக்கு நடுவே துடைத்துக் காயவைத்தார்கள். இரவும் மழையும் சேர்ந்து கம்ப்யூட்டர் காட்சிகளின் குறையையும் மறைத்துவிடுகின்றன.

அப்புறம் அந்தத் தண்ணீர் டம்ளர்! டி-ரெக்ஸ் வருவதற்கு முன் வட்ட வட்டமாக அலை எழுமே, அது கிராஃபிக்ஸே இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி, அதை மீட்டி எழுப்பியது. 4கே-யில் ஒவ்வொரு வளையமும் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் காட்சிக்கு மட்டும் சத்தத்தைக் குறைக்காதீர்கள். முதல் காலடி ஓசை வயிற்றில் அதிர வேண்டும்.