போனைப் பிடுங்க வேண்டாம், நோட்டை முதலில் திறக்கச் சொல்லுங்கள்

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை மகளோடு வந்திருந்தபோது இரண்டு கேள்வி கேட்டீர்கள். "இந்த ஏ.ஐ. பிள்ளையைக் கெடுக்குதுங்களா, போனைப் பிடுங்கி வெச்சுடட்டுமா?" என்பது ஒன்று. "அதே ஏ.ஐ. படிப்புல சேர்த்துவிட்டா நல்ல வேலை கிடைக்குமா?" என்பது இன்னொன்று. வெளியே நாலு குடும்பம் காத்திருந்ததால் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் டீ குடிக்கப் போயிருந்த பதினைந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். மகளிடம் இயற்பியல் நோட்டைக் கேட்டேன். நொடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் மேலே எறிந்த பந்து எவ்வளவு உயரம் போகும் என்ற கணக்கு. சூத்திரம், பிரதியிடல், விடை 20 மீட்டர், அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. அச்சடித்த மாதிரி இருந்தது. "சாட்ஜிபிடி பார்த்துப் போட்டியாம்மா?" என்றேன். மறைக்காமல் ஆமாம் என்றாள். சரி, அதே பந்தை 25 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியில் நின்று எறிந்தால் தரைக்கு வர எத்தனை நொடி ஆகும், ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பேனா நின்றுவிட்டது. "அப்போ வேற சூத்திரமா சார்?" என்றாள்.

"பந்து கடைசியில் கிளம்பிய இடத்துக்குக் கீழே போய்விடுகிறது, இடப்பெயர்ச்சியை மைனஸ் 25 என்று போட்டுப் பார்" என்றேன். அந்த ஒரு குறிப்புக்கு அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். இருபடிச் சமன்பாடு வந்தது. 5, மைனஸ் 1 என்று இரண்டு விடை கிடைத்தது. "நேரம் மைனஸ்ல வராதுல்ல சார்" என்று தானே இரண்டாவதை அடித்துவிட்டு 5 நொடி என்று எழுதினாள். அடித்தல் திருத்தலோடு அந்தத் தாள் என் மேசையில்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. நோட்டு நிறைந்த அளவுக்குக் கை பழகவில்லை. வீட்டுப்பாடத்தில் முழு மார்க், காலாண்டுத் தேர்வில் சறுக்கல் என்று நீங்கள் குழம்பினீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. துருக்கியில் கிட்டத்தட்ட ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2025-இல் ஆய்விதழில் வெளியானது. ஒரு குழுவுக்குச் சாட்ஜிபிடி போலவே கேட்டதற்கெல்லாம் பதில் தரும் கருவியைக் கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் கருவியே இல்லாத பிள்ளைகளைவிட 48 சதவீதம் அதிகமாக வாங்கினார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். எனக்குக் கவலை தந்தது இன்னொன்று. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்றே அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை.

அதே ஆய்வில் வேறொரு குழுவும் இருந்தது. அவர்களுக்குக் கொடுத்த கருவி விடையைச் சொல்லாது, குறிப்பு மட்டும் தரும். பயிற்சியில் அவர்கள் கருவி இல்லாத பிள்ளைகளைவிட 127 சதவீதம் அதிகமாக வாங்கினார்கள். கருவி இல்லாத தேர்விலும் அந்தச் சரிவு கிட்டத்தட்ட இல்லை. இதனால்தான் போனைப் பிடுங்காதீர்கள் என்கிறேன்.

பிடுங்கினால் என்ன இழப்பு என்பதையும் யோசியுங்கள். இரவு பத்து மணிக்கு நிலைமத் திருப்புத்திறன் புரியவில்லை என்றால் உங்கள் மகள் யாரிடம் கேட்பாள்? நீங்கள் தறியில் இருப்பீர்கள். டியூஷனுக்கு அனுப்ப வசதி இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே எழுந்து "மறுபடி சொல்லுங்க மிஸ்" என்று கேட்கக் கூச்சம். போனில் இருக்கும் இந்த ஏ.ஐ.யிடம் ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டாலும் சலிப்பில்லாமல் பதில் வருகிறது, அதுவும் தமிழில். வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனி வாத்தியார் கிடைப்பது போல, முதல் தலைமுறையாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இது கிடைத்திருப்பது பெரிய விஷயம். இருபது வருடம் முன்பு நான் பார்த்த பிள்ளைகளுக்கு இது இல்லையே என்று எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

தமிழ்வழியில் படிப்பதால் ஒரு எச்சரிக்கை. நம் பாடநூலில் வேகம் வேறு, திசையையும் சேர்த்துச் சொல்லும் திசைவேகம் வேறு. இலங்கைப் பாடநூல்களில் நம் வேகத்தைக் கதி என்பார்கள், நம் திசைவேகத்தை வேகம் என்பார்கள். நம் முடுக்கம் அவர்களுக்கு ஆர்முடுகல். இரண்டுமே நல்ல தமிழ்தான். ஆனால் இந்தக் கருவி இணையத்தில் இருக்கும் பலவகைத் தமிழையும் சேர்த்துப் படித்தது. எந்தச் சொல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வேகம் என்று அது எதைச் சொல்கிறது என்று தெரியாமல் விடைத்தாளில் எழுதினால் மார்க் போய்விடும். கலைச்சொல் எது வந்தாலும் பாடநூலைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது தப்பாகச் சொல்லும்போதும் தயங்காமல் சொல்லும். அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துக் கணித்து எழுதுவதுதான் அதன் வேலைமுறை. தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லிவிடும். அமெரிக்காவில் 2023-இல் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி அபராதம் கட்டினார்கள். படித்த பெரியவர்களே ஏமாந்த இடம் இது, பிளஸ் டூ பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

அதனால் வீட்டில் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் கொண்டுவாருங்கள். எந்தக் கணக்கானாலும் முதல் பதினைந்து நிமிடம் நோட்டும் பேனாவும் மட்டும். தப்போ சரியோ, முட்டி நிற்கும் இடம்வரை எழுதட்டும். அப்புறம் போன். அப்போதும் விடையைக் கேட்கக் கூடாது. "நான் போட்டது இது. விடை சொல்லாதே. எந்த வரியில் தப்பு என்று மட்டும் காட்டு" என்று கேட்க வேண்டும். இதை அவள் நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எண்களை மாற்றி அதே கணக்கை இன்னொரு முறை. உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

அவளுடைய ஆதார் எண், தேர்வு எண், போட்டோ எதையும் அதில் போட வேண்டாம். வீட்டுச் சண்டை, மனக்கஷ்டத்தை எல்லாம் ராத்திரியில் அதனிடம் கொட்டுகிறாளா என்று அம்மாவை மெதுவாகப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி. பாடப்பிரிவின் பெயரில் ஏ.ஐ. இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியைப் பிடிக்காதீர்கள். பல கல்லூரிகளில் இந்தப் பிரிவு சமீபத்தில்தான் தொடங்கியது. ஆய்வகமும் ஆசிரியரும் எப்படி என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோ எலக்ட்ரானிக்ஸோ எடுத்தவர்களும் இந்தத் துறைக்குப் போகிறார்கள். இதன் அடித்தளம் நிகழ்தகவு, அணிகள், வகைநுண்கணிதம். இவையெல்லாம் மேல்நிலைக் கணிதப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மூன்றும் போன் இல்லாத அறையில் பேனாவால் எழுதி வாங்க வேண்டியவை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருப்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பணத்தை நினைத்து இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று பாட விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். வீட்டுப்பாட நோட்டும் வேண்டும். இந்த முறை அவசரப்படாமல், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு கட்-ஆஃபைப் பற்றிப் பேசலாம்.