புகிஸ் ஊர் நெல்லும் வீடும்: வாசகர் கேள்வி–பதில்

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் வாழும் புகிஸ் உழவர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வந்தது. தூண் மேல் நிற்கும் மர வீடு, ஊர் கூடி நாள் குறித்து விதைக்கும் வழக்கம் இரண்டைத்தான் அதில் தொட்டிருந்தோம். வேலூர்ப் பக்கத்து வாசகர்கள் அதோடு விடவில்லை.

அங்கே எத்தனை போகம்? நம்மைப் போலச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் உண்டா? (ஆற்காடு வாசகர்)

வாய்க்கால் பாசனம் உள்ள இடத்தில் இரண்டு போகம். ஆனால் பட்டம் ஊருக்கு ஊர் மாறும். தெற்கு சுலவேசியின் நடுவே வடக்கு தெற்காக மலைத்தொடர் ஓடுகிறது. மலைக்கு மேற்கே கன மழை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. கிழக்கே போனே, வாஜோ பக்கம் ஏப்ரல் முதல் ஜூலை வரை. இந்தக் கரையில் கதிர் அறுக்கும்போது அந்தக் கரையில் சேடை ஓட்டுவார்கள், அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுவார்கள். நெல்லுக்குப் பேர்போன பின்ராங், சித்ராப் மாவட்டங்களுக்குத் தண்ணீர் தருவது டொராஜா மலையில் பிறக்கும் சதாங் ஆறு. டச்சுக்காரர்கள் காலத்தில் பெந்தெங் என்ற இடத்தில் அணைக்கட்டு கட்டி ஆற்றை வாய்க்காலில் திருப்பிவிட்டார்கள். வாலாஜா பக்கத்துப் பாலாற்று அணைக்கட்டும் இதே வேலைக்குக் கட்டியதுதான். அங்கே ஆற்றில் தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் கூடி நாள் குறிப்பது சடங்கா, விவசாயமா? (போளூர் வாசகர்)

இரண்டும். 'துடாங் சிபுலுங்' என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். பழைய ஏட்டைப் பார்த்து மழைக்குறி சொல்லும் பெரியவர், வேளாண் அலுவலர், பாசன அலுவலர், உழவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்காருவார்கள். வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள், விதைக்கும் நாள், போட வேண்டிய ரகம் மூன்றும் அங்கே முடிவாகும்.

இதில் லாபம் எங்கே என்றால், பூச்சியிலும் எலியிலும். நெல் பொதிகட்டும் (கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் உருவாகும்) பருவத்தில்தான் வயல் எலி இனப்பெருக்கத்தில் இறங்கும். சினைக்காலம் மூன்று வாரம். ஈன்ற சில நாளிலேயே மறுபடி சினையாகும். ஊர் முழுக்க இரண்டு வாரத்துக்குள் விதைத்து முடித்தால் எலிக்குத் தீனி ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் தீரும். ஒருவர் முன்னே, ஒருவர் ஒன்றரை மாதம் கழித்து என்று போட்டால், முதல் வயலில் பிறந்த குட்டி கடைசி வயலுக்கு வந்து சேரும்.

நெல்லைத் தாக்கும் துங்ரோ என்ற நச்சுயிரி நோயும் அப்படித்தான். நோய் கண்ட பயிரைப் பச்சைத் தத்துப்பூச்சி கொஞ்ச நேரம் உறிஞ்சினாலே போதும், நாலைந்து நாள் நச்சுயிரியைச் சுமந்து திரியும். இலை நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகிப் பயிர் குட்டையாக நின்றுவிட்டால் மருந்தடித்துத் திருப்ப முடியாது. அறுத்த தாளில் மறுபடி துளிர்க்கும் பயிரில் நோய் தங்கி அடுத்த போகத்துக்குத் தாவும். தெற்கு சுலவேசியில் 1980களில் இதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது பூச்சி குறைவாக இருக்கும் காலம் பார்த்து ஒன்றாக விதைத்ததும், ரகத்தை மாற்றி மாற்றிப் போட்டதும்தான். ஏரிப் பாசனம் இருந்தவரை நம்மூரிலும் மதகு திறக்கும் நாளே எல்லாருக்கும் நாற்றுவிடும் நாளாக இருந்தது. ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஆளுக்கொரு தேதி. அங்கே பார்க்க வேண்டியது சடங்கை அல்ல, தேதியை.

நடவு உண்டா, நேரடி விதைப்பா? (காட்பாடி வாசகர்)

சித்ராப், பின்ராங்கில் நேரடி விதைப்பு பரவலாகிவிட்டது; நடவுக்கு ஆள் கிடைக்காதது முக்கியக் காரணம். விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி இன்னொரு 24 மணி நேரம் முளைகட்டுகிறார்கள். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்தால் போதும், நீண்டால் வீசும்போது ஒடியும். சேடை ஓட்டி, பரம்படித்து (சேற்றைச் சமன் செய்து), தண்ணீரை வடித்துவிட்டு விதைக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் பரம்படிப்பில். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் விதை அழுகும், மேட்டில் களை முந்தும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தை அந்தப் பள்ளத்தில்தான் திரண்டு முதல் 30 நாள் இளம் பயிரைத் தின்னும். வயலில் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதனால் அதிகம் நகர முடியாது. வரப்போரம் சிறு கால் வெட்டினால் நத்தை அதில் வந்து சேரும், பொறுக்கிவிடலாம். தண்டில் ஒட்டிய இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தையும் கூடவே நசுக்கிவிட வேண்டும்.

வீட்டையே தூக்கிக்கொண்டு போவார்களாமே, நிஜமா? (வாணியம்பாடி வாசகர்)

நிஜம். தூண் மண்ணுக்குள் புதைந்திருக்காது, கல் மேல் உட்கார்ந்திருக்கும். தூணில் துளையிட்டு நீள விட்டங்களைக் கோத்து ஆப்பு அடித்திருப்பதால் கூடு மொத்தமும் ஒன்றாக எழும்பும். புதைத்த தூணென்றால் அடி செல்லரிக்கும், அழுகும். கல் மேல் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முதலில் கனமான, உடையக்கூடிய சாமான்களை இறக்குவார்கள். தூண்களின் அடிப்பக்கம் மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார்கள். ஒருவர் குரல் கொடுக்க, ஊர் ஆண்கள் தோள் கொடுத்துத் தூக்குவார்கள். பக்கத்திலேயே நகர்த்துவதென்றால் தூணடியில் சக்கரம் வைத்துத் தள்ளுவதும் உண்டு. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு.

பரணில் நெல், நடுத்தளத்தில் குடும்பம், கீழே திறந்த வெளியில் கோழி, மோட்டார் பைக், உழவு இயந்திரம். காங்கிரீட் வீடு பெருகப் பெருக, இப்படித் தூக்கும் காட்சி அபூர்வமாகி வருகிறது.

எங்கள் கைலி மாதிரி அங்கேயும் கட்டம் போட்ட துணி நெய்கிறார்களா? (குடியாத்தம் வாசகி)

வாஜோ மாவட்டத்துச் செங்காங்கில் பட்டுக் கைலி நெய்கிறார்கள். வீட்டுக்கு அடியில்தான் தறி. வழக்கப்படி சிறு கட்டம் கல்யாணமாகாத பெண்ணுக்கு, பெரிய கட்டம் கல்யாணமாகாத ஆணுக்கு. புழுவுக்குப் பெப்ரின் நோய் வந்து பட்டு வளர்ப்பு சரிந்ததால் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டு நூல். நூல் விலைக் கவலையில் உங்களுக்குத் துணை இருக்கிறது, அம்மா.

வரதட்சணை இல்லை என்கிறார்களே? (ஆம்பூர் வாசகி)

பொறாமைப்பட வேண்டாம். அங்கே பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குக் கல்யாணச் செலவுப் பணம் கொடுக்க வேண்டும். இஸ்லாமிய முறைப்படி மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர் அதற்குத் தனி. பெண்ணின் குலம், படிப்பு, ஹஜ் போய் வந்தவரா என்பதைப் பார்த்துத் தொகை ஏறும். பேரம் நடக்கும், கொடுத்த தொகை ஊருக்கே தெரியும். அறுவடை முடிந்து கல்யாணம் வைப்பதும், நிலத்தை அடகு வைப்பதும் இதற்காகத்தான். கொடுக்க முடியாமல் காதலர்கள் ஓடிப்போனால் பெண் வீட்டுக்கு அது மானப் பிரச்சினை.

அங்கேயும் ஓலைச்சுவடி உண்டாமே? (ஆரணி வாசகர்)

உண்டு, ஆனால் சுவடியாக அடுக்குவதில்லை. ஓலைத் துண்டுகளை நாடாவாக இணைத்து, ஒரே வரியாக எழுதி, இரண்டு உருளைகளில் சுற்றிவைப்பார்கள். எழுத்து நம்முடையதைப் போலவே பிராமி வழி வந்தது. மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லாததால் சொல்லின் கடைசி மெய்யை எழுதவே மாட்டார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

போய்ப் பார்ப்பதென்றால் எப்படி? சைவம் கிடைக்குமா? (சத்துவாச்சாரி வாசகர்)

தெற்கு சுலவேசியின் தலைநகர் மக்காசருக்கு விமானம். அங்கிருந்து கரையோரமாகப் பாரே-பாரே சுமார் 150 கிலோமீட்டர், அதைத் தாண்டினால் சித்ராப் வயல்கள். வீட்டு ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். சோற்றுக்குப் பஞ்சமில்லை. தொட்டுக்கொள்ள மீன்தான் முதலில் வரும். வேண்டாமென்றால் அடுப்பு மூட்டுமுன் சொல்லிவிடுங்கள்.