அக்டோபர் கடைசியில பர்கூர் பக்கம் எங்க மாந்தோப்புல கட்டை வாலோட கலர் கலரா ஒரு குருவி, என்ன பறவை, மீன்கொத்தியா?

நீங்க சொன்ன அடையாளத்துக்கு அது ஆறுமணிக்குருவி தாங்க, இங்கிலீஷ்ல இந்தியன் பிட்டா. மைனாவை விட கொஞ்சம் சின்னது, முதுகு பச்சை, தோள்ல பளிச்சுனு நீலம், கண்ணை ஒட்டி பட்டையா கருப்பு, தொண்டை வெள்ளை, வாலுக்கு அடியில நல்ல சிவப்பு.

மீன்கொத்தியான்னு கேட்டிருக்கீங்க, இல்லங்க. மீன்கொத்தி கம்பியிலயோ கிளையிலயோ உக்காந்து கிடக்கும், அலகும் நீளம். இது தரையில சருகுக்குள்ள தத்தித் தத்திப் போய் இலையை அலகால தள்ளி பூச்சி பொறுக்கும், நடுவுல நின்னு அந்த கட்டை வாலை மெதுவா மேலயும் கீழயும் ஆட்டும். கலரை விட இதைத்தான் நான் நம்புவேன், ஏன்னா தோப்பு நிழல்ல பச்சையும் நீலமும் மங்கிப்போய் ஏதோ பழுப்பா ஓடுற மாதிரி தான் தெரியும். பறக்கும்போது ரெக்கையில வெள்ளைத் திட்டு தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். விடியக்காலையும் பொழுது சாயும்போதும் ரெண்டு ஸ்வரத்துல விசில் அடிக்கும், அந்தப் பேரும் அதனால தான்.

அக்டோபர் கடைசின்னு சொன்னீங்களே, அதுவும் சரியா பொருந்துது. இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் மழைக்காலத்துல குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்துக்கு தெற்க இலங்கை வரைக்கும் வரும். ராத்திரில தான் பயணம், அதனால களைச்சுப்போய் வீட்டுக்குள்ள விழும், ஜன்னல் கண்ணாடியில மோதும். பென்னாகரத்துல எங்க மாட்டுக்கொட்டாயில ஒண்ணு இப்படி கிடந்துச்சு, இறகை உப்பி வச்சுக்கிட்டு பாதிக் கண்ணு மூடி, பக்கத்துல போனாலும் நகரல. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில இருட்டா வச்சு பூனை அண்டாம பார்த்துக்கிட்டோம், சாயங்காலம் பெட்டியைத் திறந்ததும் நேரா புளியமரத்தடிக்கு பறந்துடுச்சு. அந்த மாதிரி கிடைச்சா வாயைத் திறந்து தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும்.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், ஏப்ரல் வாக்குல அது திரும்பிப் போற வரைக்கும் தோப்போட ஒரு ஓரத்துலயாவது சருகைக் கூட்டிக் கொளுத்தாம விடுங்க, அதுக்கு சாப்பாடே அந்த சருகுக்கு அடியில தான் இருக்கு. பசங்க ஆசைப்பட்டு பிடிச்சு வளர்க்கலாம்னு கேட்டா விடாதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், புழு பூச்சி திங்கிற பறவை கம்பு கேழ்வரகு போட்டா தொடாது, பட்டினியில செத்துடும்.