உவரா, களரா? – வாசகர் கேள்வி பதில்

திருப்புல்லாணி பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை. கோடையில் நிலம் வெள்ளையாகப் பூக்கிறது. இரண்டு வருடமாக ஜிப்சம் போட்டும் நெல் தேறவில்லை. இன்னும் எவ்வளவு போடவேண்டும்?

அடுத்த மூட்டை வாங்கும் முன், நிலம் உவரா களரா என்று பாருங்கள். 'களர் உவர்' என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். வைத்தியம் வேறு வேறு. உவரில் கரையும் உப்பு மிகுதி. அதை நல்ல தண்ணீரால் கழுவி வெளியேற்ற வேண்டும். களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டியிருக்கும். அதைப் பெயர்க்கத்தான் ஜிப்சத்தில் உள்ள கால்சியம். வெறும் உவருக்கு ஜிப்சம் வீண் செலவு.

கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மண் போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் தண்ணீர் மோர்போலக் கலங்கி நின்றால் களர். தெளிந்திருந்தால், உங்கள் நிலம் வெள்ளை பூப்பதால், பெரும்பாலும் உவர். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு களர் மண்ணையும் படியவைத்து ஏமாற்றிவிடும். இரண்டும் கலந்த நிலமும் உண்டு என்பதால் மண் பரிசோதனையும் செய்யுங்கள். மேல் பொருக்கைச் சுரண்டிவிட்டு, 15 செ.மீ. ஆழத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அரைக்கிலோ கொடுத்தால் போதும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களரைச் சந்தேகிக்கலாம். ஜிப்சம் அளவை அந்த முடிவை வைத்துத்தான் சொல்லமுடியும்.

உவர் என்றால், ஐப்பசி மழைக்கு முன் வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, தாழ்ந்த பக்கம் இரண்டடி ஆழ வடிகால் எடுங்கள். மழைநீரை நாலு அங்குலம் தேக்கி, இறங்கவிட்டு, மறுபடி தேக்குங்கள். பலர் சறுக்குவது வடிகாலில்தான். அது இல்லாமல் தேக்கினால் நிலத்தடி நீர் மேலேறும். மாசி வெயிலில் மண்ணின் நுண்துளை வழியே அதே உப்பு திரும்ப வந்து பூக்கும். அறுவடை முடிந்ததும் மேலாக ஒரு உழவு போட்டு வைக்கோல் பரப்பினால் அந்த ஏற்றம் தடைபடும். அடுத்த மழையில் பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாள் மடக்கி உழுங்கள்.

கீழக்கரையில் பழைய பவளக்கல் வீடு. தரையிலிருந்து மூன்றடிக்குச் சுவர் மாவாக உதிர்கிறது. சிமெண்ட் பூசினோம், அதுவும் பாளம் பாளமாக விழுகிறது.

கடலோரப் பாறை சிதைவதும் இப்படித்தான். தரை ஈரம் உப்போடு கல்லுக்குள் ஏறும். ஈரம் காயும் இடத்தில் உப்பு படிகமாக வளர்ந்து கல்லை உள்ளிருந்தே உடைக்கும். சிமெண்ட் ஈரத்தை வெளியேற விடாததால் அதன் பின்னாலேயே கல் உடைகிறது. சிமெண்டைக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் கரைந்து உள்ளே போகும். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் ஒரு பூச்சு வேண்டாம். ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடுங்கள். சில வருடத்தில் இந்தப் பூச்சும் உதிரும். உதிரட்டும், கல் பிழைக்கும். மாற்றுக்குப் புதுப் பவளக்கல் தேடாதீர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிறது.

தேவிபட்டினத்தில் மீன் கழிவை வீட்டுக்குப் பின்னால் குழிவெட்டிப் புதைக்கிறோம். சரியா?

வேண்டாம். மணல் பூமியில் நல்ல தண்ணீர் சில அடியிலேயே, உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். குழியின் சாறு நேரே அதில் இறங்கும். தரைக்கு மேலேயே, கிணற்றுக்குத் தூரமாகக் குவியுங்கள். அடியில் அரையடி சருகும் தென்னை நார்க்கழிவும். ஒரு கூடைக் கழிவுக்கு மூன்று கூடைச் சருகு. மேலே மறுபடி அரையடி. நாற்றம் வந்தால் மூடியது போதவில்லை. மூன்று வாரத்தில் ஒருமுறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் எருவாகும். கருவாட்டுக் கழிவைச் சேர்க்காதீர்கள். அதன் உப்பு தோட்டத்துக்கு வந்துவிடும். வலைத் துண்டு ஒன்றுகூட உள்ளே போகவேண்டாம். நைலான் மட்காது, பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் கொடுக்கப் பாருங்கள்.