பனி விலகி, பசு ஏறும் முன்: ஆல்ப்ஸ் பூக்காலம் – வாசகர் கேள்வி, பதில்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மலைப்பகுதிக்கு, அதாவது இன்டர்லாக்கன், கிரிண்டல்வால்ட், கண்டர்ஸ்டெக் பக்கம் வசந்தத்தில் போக நினைக்கும் வாசகர்கள் கேட்டவற்றில் சில.

மே முதல் வாரம் போகிறோம். மலை முழுக்கப் பூ இருக்குமா? – கோவை வாசகி

மலை முழுக்க இருக்காது. ஆல்ப்ஸில் வசந்தம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. அடிவாரத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். உயரம் 100 மீட்டர் கூடினால் பூப்பது ஏறக்குறைய மூன்று, நான்கு நாள் தள்ளிப்போகும். இன்டர்லாக்கன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2,000 மீட்டரில் உள்ள புல்வெளி அதைவிட ஒன்றரை மாதம் பின்தங்கியே பூக்கும். அதனால் முதலில் வாரத்தை முடிவு செய்யுங்கள். எந்த உயரத்தில் பூப் பார்ப்பது என்பதை அந்த வாரம் சொல்லிவிடும்.

மே முதல் வாரம் என்றால் ஏரிக்கரைதான் உங்கள் இடம். தூன் ஏரியைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் டான்டேலியன் மஞ்சளாய்ப் பரந்திருக்கும், ஆப்பிள் மரங்களும் பூத்திருக்கும். அதற்கு மேலே 1,500 மீட்டரை ஒட்டி, பனி கரைந்த இடத்திலெல்லாம் குரோக்கஸ் வெள்ளையும் ஊதாவுமாகக் கிளம்பும். தூரத்திலிருந்து பார்த்தால் கரையாமல் மிச்சமிருக்கும் பனி என்றே தோன்றும். மே நடுவில் ஜெனீவா ஏரிப்பக்கம் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால், மோன்த்ரோவிலிருந்து மலை ரயிலில் லெ அவான் போய் வாருங்கள். அங்கே காட்டு நார்சிசஸ் வெள்ளையாக விரிந்து கிடக்கும், ஊர்க்காரர்கள் அதை 'மே மாதப் பனி' என்கிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் 1,500 முதல் 1,800 மீட்டர் வரை ஜென்ஷியன் பூவின் நீலம். ஜூன் பின்பாதியில் 2,000 மீட்டர்.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஜூன் 15 முதல் 30 வரை என்று வையுங்கள். நம் ஊரில் பள்ளி ஜூனில் திறந்துவிடுவதால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது கஷ்டம்தான். அவர்கள் மேயின் கடைசி வாரத்தில் போய், தெற்கு நோக்கிய சரிவுகளைத் தேர்ந்தெடுக்கலாம். தூன் ஏரிக்கு மேலே இருக்கும் பியாட்டன்பெர்க் அப்படிப்பட்ட இடம். ஒரே உயரத்திலும் தெற்குச் சரிவில் பனி முந்திக் கரையும், வடக்குச் சரிவில் வாரக்கணக்கில் கிடக்கும்.

பசுக்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் மந்தைகளை மேலுள்ள புல்வெளிகளுக்கு ஓட்டிப் போவார்கள், பள்ளத்தாக்கிலோ உலர்தீவனத்துக்காகப் புல் அறுக்கத் தொடங்குவார்கள். நேற்று பூத்திருந்த வெளி இன்று மொட்டையாக இருக்கக் காரணம் இதுதான். பனி விலகிய பின், பசு ஏறும் முன் என்ற அந்த இடைவெளிதான் பூக்காலத்தின் உச்சம். ஓர் உயரத்தில் தவறினால், அடுத்த நாள் 300 மீட்டர் மேலே போய்ப் பாருங்கள்.

பூக்களை எப்படி அடையாளம் காண்பது? – ஊட்டி வாசகர்

உங்களுக்கு ஒரு பூ ஏற்கெனவே சொந்தம். நீலகிரிச் சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும், ஆல்ப்ஸில் ஆல்ப்பன்ரோஸ் என்று சொல்லும் செடியும் ஒரே ரோடோடென்ட்ரான் பேரினம். உங்களுடையது மரம், அங்கே முழங்கால் உயரப் புதர்தான். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை இளஞ்சிவப்பாகப் பூக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் அதுதான்.

பனி கரையும் விளிம்பை விட்டு நகராதது சோல்டனெல்லா. ஊதா நிறம், தலைகவிழ்ந்த சிறு மணி, ஓரத்தில் கிழித்த குஞ்சம் போன்ற இழைகள். மெல்லிய பனியைத் துளைத்துக்கொண்டே மேலே வந்துவிடும். பனித்திட்டைக் கண்டால் அதன் ஓரத்தில் குனிந்து தேடுங்கள், நடுவெளியில் தேடுவது வீண். ஈர வெளிகளில் எலுமிச்சை மஞ்சளில் உருண்டையாக, விரியாத மொட்டுப் போலவே நிற்பது ட்ரோலியஸ். அது விரிவதற்குக் காத்திருக்க வேண்டாம், முழுதாய்ப் பூத்த நிலையே அதுதான். சிறு ஈக்கள் அந்த உருண்டைக்குள் நுழைந்து மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன.

வசந்த ஜென்ஷியன் இரண்டு விரல் உயரம்கூட இராது, ஆனால் அந்த நீலத்தை வேறெதிலும் பார்க்க முடியாது. வெயில் இருந்தால்தான் திறக்கும். மேகம் மூடினால் இதழைச் சுருட்டிக்கொண்டு புல்லுக்குள் மறைந்துவிடும். மழைநாளில் போய்விட்டு 'பூவே இல்லை' என்று திரும்புகிறவர்கள் பலர் அதைத் தாண்டித்தான் நடந்திருப்பார்கள். படம் எடுப்பதாக இருந்தால் வெயில் நாளில் காலை பத்து மணிக்குமேல் போங்கள்.

எடெல்வைஸ் வசந்தப் பூ அல்ல, ஜூலைக்குப் பிறகுதான். எந்தப் பூவையும் பறிக்காதீர்கள். பலவும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அறுக்காத புல்வெளிக்குள் இறங்கிப் படம் எடுப்பதும் வேண்டாம். மிதிபட்டுச் சாய்ந்த புல்லைச் சரியாக அறுக்க முடியாது. அது ஒரு விவசாயியின் குளிர்காலத் தீவனம்.

ஓஷினன் ஏரியும் பாக்ஆல்ப் ஏரியும் படத்தில் இருப்பது போல எப்போது இருக்கும்? – மதுரை வாசகர்

ஓஷினன் 1,578 மீட்டரில், கண்டர்ஸ்டெக்குக்கு மேலே இருக்கிறது. மலைச்சரிவு விழுந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி. மேலே தெரியும்படி வெளியே ஓடும் ஆறு இதற்குக் கிடையாது, அந்தப் பாறைக் குவியலுக்கு அடியில் கசிந்துதான் தண்ணீர் வெளியேறுகிறது. குளிர்காலம் முழுக்க வரத்துக் குறைந்து, கசிவு மட்டும் நடப்பதால் வசந்தத்தில் நீர்மட்டம் தாழ்ந்துவிடும். மே மாதம் போனால் அகலமான சரளைக் கரையும் உருகும் பனிக்கட்டித் துண்டுகளும் இருக்கலாம். விளம்பரப் படங்களில் ததும்பும் நீலப்பச்சை, பனி உருகி நிரம்பிய கோடைக்காலத்து ஏரி. ஜூன் நடுவுக்குப் பின் அதை நெருங்கலாம். கேபிள் காரின் மேல்நிலையத்திலிருந்து ஏரிக்கு அரை மணி நேர நடை. ஸ்பிட்ஸ ஸ்டைன் என்ற பாறை முகடு நகர்ந்துகொண்டிருப்பதால் பக்கத்துப் பாதைகள் சில மூடப்பட்டிருக்கின்றன. தடைப் பலகையைத் தாண்ட வேண்டாம்.

பாக்ஆல்ப் 2,265 மீட்டர். கிரிண்டல்வால்டிலிருந்து ஃபிர்ஸ்ட் வரை கேபிள் கார், பிறகு சுமார் 3 கிலோமீட்டர், 50 நிமிட நடை. ஷ்ரெக்ஹார்ன் சிகரம் நீரில் தலைகீழாகத் தெரியும் காட்சிக்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். ஜூன் தொடக்கத்தில் ஏரியில் பனிக்கட்டி மிதந்தால் அது கிடைக்காது. உருகிய பிறகும் காற்று எழும் முன் போய்ச் சேர வேண்டும், ஆகவே முதல் கேபிள் காரிலேயே ஏறிவிடுங்கள்.

பனிக்கட்டி மூடியிருக்குமோ என்ற கவலை இல்லாமல் வசந்தம் முழுக்க நம்பிப் போகக்கூடியது கீழே உள்ள பிரியன்ஸ் ஏரி. பனியாறுகள் பாறையை அரைத்த நுண்மாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் பச்சைநீலம் அது. ஜூனில் உருகுநீர் கூடும்போது நிறமும் கெட்டிப்படும். படகில் கீஸ்பாக் நிறுத்தத்தில் இறங்கினால், 1879 முதல் ஓடும் கயிற்று ரயில் அருவிக்கு அருகே கொண்டுபோய் விடும். நீந்தும் ஆசை வேண்டாம். மே மாதத் தண்ணீரின் குளிர் மூச்சை அடைத்துவிடும்.

உறவினர்கள் போனபோது கேபிள் கார் மூடியிருந்ததாம். ஏன்? – திருச்சி வாசகி

பனிச்சறுக்குக் காலம் முடிந்ததும், கோடைக் கூட்டம் வரும் முன், வருடாந்தரப் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் நிறுத்துவார்கள். 'ரெவிஷியோன்' என்று எழுதியிருந்தால் அதுதான். ஏப்ரலிலும் மேயிலும் இது சகஜம். அறையைப் பதிவு செய்யும் முன்பே, போக நினைக்கும் ஒவ்வொரு கேபிள் கார், மலை ரயிலின் தளத்திலும் இந்த ஆண்டின் திறப்புத் தேதியைப் பாருங்கள். போகும் நாள் காலையில் மேல்நிலைய வெப்கேமராவையும் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். கீழே வெயிலும் மேலே முழு மூடுபனியும் ஒரே நேரத்தில் இருக்கும்.

எழுபது வயதுப் பெற்றோருக்கு முழங்கால் வலி. பூ பார்க்க வழி உண்டா? – தஞ்சை வாசகர்

ஷினிக பிளாட்ட என்ற மலைமேட்டுக்குப் போங்கள். வில்டர்ஸ்வில்லிலிருந்து (584 மீட்டர்) 1,967 மீட்டருக்கு 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயில். மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்த மெதுவான ஏற்றம் பழக்கமானது. ஏறச் சுமார் 50 நிமிடம். மேல்நிலையத்தை ஒட்டியே 1929-இல் திறந்த ஆல்ப்ஸ் பூந்தோட்டம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் உயர்மலைச் செடிகள் 600 வகைக்கு மேல், பெயர்ப்பலகையோடு, அவை இயல்பாக வளரும் பாறை, புல்வெளி, ஈரநிலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எதிரே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் வரிசையாக நிற்கும். ரயில் வழக்கமாக ஜூனில்தான் தொடங்கும்.

முழங்காலை வருத்துவது ஏற்றத்தைவிட இறக்கம். 'போகும்போது கேபிள் கார், வரும்போது நடை' என்று பலரும் சொல்லும் யோசனையை உங்கள் பெற்றோர் ஏற்க வேண்டாம். இரண்டு வழிக்கும் சீட்டு வாங்குங்கள்.

சைவச் சாப்பாடு? – காரைக்குடி வாசகி

இன்டர்லாக்கனில் இந்திய உணவகங்கள் உண்டு, மலை மேலே அவை அரிது. உருளைக்கிழங்கு ரோஸ்டி கிடைக்கும். அதில் பன்றிக்கொழுப்புத் துண்டு போடும் வழக்கம் இருப்பதால் 'ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்' (இறைச்சி இல்லாமல், பன்றிக்கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். க்ருயேர், எம்மென்டால் சீஸ்கள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறையவைக்கப்படுபவை. கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஊர் நீரூற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், 'கைன் டிரிங்க்வாஸர்' (குடிநீர் அல்ல) என்ற பலகை இல்லாவிட்டால்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது? – சென்னை வாசகர்

சுவிட்சர்லாந்துக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு தர வேண்டும். கோடையில் விண்ணப்பம் தர முன்பதிவு நேரம் கிடைப்பது கடினம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் முடித்துவிடுங்கள். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது.

ஜூனில் பனிப்பூட்ஸ் வேண்டுமா? வேறென்ன கவனிக்க வேண்டும்? – சேலம் வாசகர்

பனிப்பூட்ஸ் வேண்டாம். ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடியும் கணுக்காலைப் பிடிக்கும் உயரமும் உள்ள நடைக்காலணி போதும். மஞ்சள் பலகைப் பாதை யாருக்கும் பொருந்தும். வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை, கால் உறுதி வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை தேர்ந்தவர்களுக்கு மட்டும். பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது, படம் எடுக்கிறவர்கள் பாதியளவு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதத்து உண்மையான ஆபத்து, பாதையைக் குறுக்கே மூடிய பழைய பனித்திட்டு. காலையில் அது கண்ணாடி போல இறுகியிருக்கும். சரிவில் வழுக்கினால் நிற்க இடமில்லை. ஓடையின் மேல் கிடக்கும் பனியோ அடியில் குடைந்து போயிருக்கும், மிதித்தால் உள்ளே விழ நேரும். கீழ்நோக்கிச் சரியும் பனித்திட்டு வழியில் வந்தால் திரும்பிவிடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவின் அருகே போகாதீர்கள், ஒதுங்கிச் சுற்றிப் போங்கள்.

ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். கம்பளி மேலாடை, மழைச்சட்டை, தொப்பி, வெயில் களிம்பு பையில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மே, ஜூனில் புல் மகரந்தம் மிகுதி என்பதை மருத்துவரிடம் சொல்லி இன்ஹேலரோடு போக வேண்டும். உயரத்தில் மகரந்தக் காலமும் பிந்தும் என்பதால் மேலே போனால் சற்று ஆறுதல். புல்லில் உட்கார்ந்து எழுந்தவர்கள் இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவக் கூடாது. மலையில் விபத்து என்றால் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414, பொது அவசர எண் 112.